தாவீது அனுப்பிய ஆள்

கேள்வி (ஜூலை 4)
எங்கள் சபையில் பெரியவர்களுக்கான வேதபாட வகுப்பில் அடுத்த ஏழு வாரமும் தாவீது ராஜா. நடத்தும் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். பத்சேபாள் கதை வரும் அதிகாரத்தைத் தொடாமல் கடந்துவிடலாமா? தொட்டால், இப்படிப்பட்டவனைப் போய் "என் இருதயத்துக்கு ஏற்றவன்" என்று கடவுள் சொன்னது எப்படி என்று கேட்பார்களே, என்ன பதில் சொல்வது? நடத்தியவர்கள், படித்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

ஜூலை 4, இரவு
தாராளமாகக் கடந்துவிடலாம். உங்களுக்கு முன்னோடி பைபிளுக்குள்ளேயே இருக்கிறார். 1 நாளாகமம் 20-ஐ எடுத்துப் பாருங்கள். ராஜாக்கள் யுத்தத்துக்குப் போகும் காலம், சேனாதிபதி யோவாப் அம்மோனியரின் ரப்பா பட்டணத்தை முற்றுகை போடுகிறான், தாவீது எருசலேமில் இருந்துவிட்டான். அடுத்த வரியில் ரப்பா விழுந்துவிட்டது. நடுவில் பத்சேபாளும் இல்லை, தாவீது சாகடித்த அவள் புருஷன் உரியாவும் இல்லை. 2 சாமுவேலில் இரண்டு அதிகாரம் ஓடும் சங்கதி, நாளாகமக்காரர் கையில் காணாமலே போய்விட்டது.

இரண்டாவது கேள்விக்கு என் பதில் சின்னது. "இருதயத்துக்கு ஏற்ற மனுஷன்" என்ற சொல் வருவது 1 சாமுவேல் 13-ல். தாவீது கதைக்குள் வருவதோ 16-ல். அவன் நல்லதோ கெட்டதோ எதுவும் செய்வதற்கு முன்பே சொல்லியாகிவிட்டது. அரசாங்க வேலையில் இருந்தவன் பாஷையில் சொன்னால், அது நியமன உத்தரவு. நன்னடத்தைச் சான்றிதழ் இல்லை.

ஜூலை 5
நேற்று எழுதியதைக் காலையில் படித்தேன். கொஞ்சம் கெட்டிக்காரத்தனம் காட்டியிருக்கிறேன். அப்போஸ்தலர் 13-ல் பவுல் அதே சொல்லைத் திரும்பச் சொல்கிறார். அப்போது தாவீது செத்து ஏறக்குறைய ஆயிரம் வருடம். செய்தது எல்லாம் தெரிந்த பிறகும் சொல்லப்பட்டது. ஆகவே "நியமன உத்தரவு" பாதிதான் சரி.

இன்னொன்று. 1 இராஜாக்கள் 15:5, தாவீது செம்மையானதைச் செய்தான் என்று சொல்லிவிட்டு, "ஏத்தியனாகிய உரியாவின் சங்கதி ஒன்றுதவிர" என்று ஒட்டுப்போடுகிறது. மத்தேயு முதல் அதிகாரத்து வம்சப் பட்டியலில் பத்சேபாள் பேரே கிடையாது, "உரியாவின் மனைவியாயிருந்தவள்" என்றுதான் இருக்கிறது. அழித்தாலும் அழியாத பேர் அது. அதனால் கடந்துவிடாதீர்கள். நேற்று சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

ஜூலை 6, ஞாயிறு
எங்கள் வகுப்பு எப்படி நடந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். நெல்லைப் பக்கத்துக் கிராமச் சபை. இரண்டு வருடத்துக்கு முன்னால், ஆராதனை முடிந்து கோயிலுக்குப் பின்னால் உள்ள அறையில், ஒரு மணி நேரம். பதினான்கு பேர் பேர் கொடுத்தோம், ஒன்பது பேர் ஒழுங்காக வந்தோம். நடத்தியது ஒரு டீச்சரம்மா, பணி ஓய்வு பெற்றவர். ராணுவத்தில் இருந்து வந்த அண்ணாச்சி ஒருவர். அரசு ஆஸ்பத்திரி நர்சம்மா ஒருவர். என் மனைவி. அப்புறம் நான், முப்பத்து நான்கு வருடம் தபால் பட்டுவாடா செய்துவிட்டு வீட்டில் உட்கார்ந்தவன். ஐயர் (எங்கள் பக்கம் போதகரை அப்படித்தான் சொல்வோம்) முதல் வாரம் ஜெபம் பண்ணித் தொடங்கி வைத்ததோடு சரி.

கோலியாத் வாரத்தில் எல்லாருக்கும் சந்தோஷம். சிறுவயதில் ஓய்வுநாள் பள்ளியில் கூழாங்கல் பொறுக்கிய கதைதான் பாதி நேரம். எங்கேதிக் குகை வாரமும் நல்லபடி போயிற்று, தன்னைக் கொல்லத் துரத்திய சவுல் ராஜாவின் சால்வைத் தொங்கலை அறுத்துவிட்டு உயிரோடு விட்டானே என்று. மூன்றாம் வாரம் 1 சாமுவேல் 27. அங்கே அறை அமைதியாகிவிட்டது. சிக்லாகில் பெலிஸ்த ராஜா ஆகீசிடம் அடைக்கலம் புகுந்த தாவீது, சுற்றியுள்ள ஊர்களைக் கொள்ளையிட்டு ஆணையும் பெண்ணையும் ஒருவர் விடாமல் கொல்கிறான். காரணமும் அங்கேயே எழுதியிருக்கிறது: பிழைத்தவர்கள் ஆகீசின் ஊரான கீத்துக்குப் போய் விஷயத்தைச் சொல்லிவிடக் கூடாது. ஆகீசிடம் வந்து "யூதாவின் தென்புறத்தில் கொள்ளையடித்தேன்" என்று பொய். இப்படி இரண்டு வருடத்துக்கு மேல்.

அறுபது வருடமாகப் பிரசங்கம் கேட்கிறேன், இந்த அதிகாரத்தை எடுத்து யாரும் பேசிக் கேட்டதில்லை. அண்ணாச்சி மட்டும் மெதுவாக, "சாட்சி வைக்காம செய்திருக்கான்" என்றார்.

ஜூலை 6, கொஞ்சம் கழித்து
திருத்தம். "இரண்டு வருடத்துக்கு மேல்" தப்பு. 27:7-ல் தெளிவாக இருக்கிறது: ஒரு வருஷமும் நாலு மாதமும். மனைவி தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டுச் சொன்னாள்.

ஜூலை 9
2 சாமுவேல் 11-க்கு வருகிறேன். நீங்கள் இதை நடத்தினால் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். விளக்கத்தைத் தொடங்கும் முன் அதிகாரத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்லி, "அனுப்பு" என்ற சொல் வரும்போதெல்லாம் பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள்.

யோவாபை யுத்தத்துக்கு அனுப்புகிறான். அந்தப் பெண் யார் என்று விசாரிக்க ஆள் அனுப்புகிறான். கூட்டிவர ஆள் அனுப்புகிறான். அவள் "கர்ப்பவதி" என்று சொல்லி அனுப்புகிறாள். உரியாவை அனுப்பு என்று யோவாபுக்குச் சொல்லி அனுப்புகிறான், யோவாப் அனுப்புகிறான். சாப்பாடு பின்னாலேயே போகிறது. கடைசியில் காலையிலே யோவாபுக்கு ஒரு நிருபம் எழுதி உரியா கையிலேயே கொடுத்து அனுப்புகிறான். ராஜா அரண்மனையை விட்டு ஓரடி நகரவில்லை. எல்லாம் ஆள் மூலம். 12-ஆம் அதிகாரம் திறந்தால் கர்த்தர் தீர்க்கதரிசி நாத்தானை அனுப்புகிறார். அனுப்பிக்கொண்டே இருந்தவனுக்கு இப்போது ஓர் ஆள் வருகிறது.

இது நான் கண்டுபிடித்தது இல்லை, படித்தவர்கள் பல காலமாகச் சொல்வதுதான். ஆனால் தபால்காரனுக்கு இது வேறு மாதிரி உறைக்கும். "நிருபம்" என்றால் நமக்குப் பவுல் எழுதிய ரோமர், கொரிந்தியர், கலாத்தியர். ஞாயிறுதோறும் "நிருப வாக்கியம்" என்று வாசிக்கிறோம். ஒரு மனிதனைச் சண்டை மும்முரத்தில் முன்னே நிறுத்தி, மற்றவர்கள் பின்வாங்கி, அவன் சாகட்டும் என்று எழுதிய கடிதத்துக்கும் பைபிளில் அதே பேர்தான். சாகப்போகிறவன் கையிலேயே பட்டுவாடா. நானும் ஓர் உரியா என்று அன்றைக்கு வகுப்பில் பெருமையாகச் சொன்னேன்: "நம்ம வர்க்கம். என்ன இருக்குன்னு தெரியாம சுமந்துபோனவன்."

இந்தக் கடைசி வரியைப் பற்றிப் பின்னால் எழுத வேண்டும். இப்போது வேண்டாம்.

ஜூலை 10
உரியாவுக்கு வாசிக்கத் தெரியாதா, பிரித்துப் பார்த்திருக்கலாமே என்று ஒருவர் கேட்கிறார். ஐயா, பிறர் தபாலைப் பிரிப்பது எங்கள் தொழிலில் வேலை போகிற குற்றம்.

விளையாட்டு போகட்டும். அந்தக் கால ஓலைக்கு நூல் கட்டி, முடிச்சின் மேல் களிமண் வைத்து முத்திரை அழுத்துவார்கள். எருசலேமில் தாவீதின் நகரம் என்று சொல்லப்படும் பகுதியில் 1982-ல் தோண்டியபோது அப்படிப்பட்ட களிமண் முத்திரைகள் 51 கிடைத்தன. பாபிலோனியர் ஊரைக் கொளுத்திய தீயில் கடிதங்கள் எரிந்துபோக, மண் மட்டும் சுட்ட ஓடு மாதிரி இறுகித் தப்பித்தது. தாவீதுக்கு நாலு நூற்றாண்டு பிந்தியவை அவை, குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆனால் இன்சூர் பண்ணிய பார்சலுக்கு நாங்கள் அரக்கு உருக்கி வைத்த முத்திரை ஞாபகம் வந்தது. அந்த வாசனை கையை விட்டுப் போக ஒரு நாள் ஆகும்.

ஜூலை 13, ஞாயிறு
பத்சேபாள் விஷயம். இதில் நான் தலைகுனிந்த கதை ஒன்று உண்டு.

வகுப்பில் நான் சொன்னேன், "மொட்டை மாடியில குளிச்சா யார் கண்ணுலயும் படத்தான் செய்யும்." இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். டீச்சரம்மா எதுவும் சொல்லாமல், "வசனத்த வாசிங்க" என்றார். வாசித்தேன். மாடியில் இருந்தது தாவீது. சாயங்காலம் படுக்கையை விட்டு எழுந்து உப்பரிகையில் உலாவினவன் அவன்தான். அவள் எங்கே குளித்தாள் என்று எழுதவே இல்லை. ஐம்பது வருடமாக நான் பார்த்த படங்கள் என் கண்ணில் அவளை மாடியில் ஏற்றி வைத்திருந்தன.

அப்புறம் டீச்சரம்மா ஒரு சொல்லைக் காட்டினார். நம் பழைய திருப்புதலில் "ஆள் அனுப்பி அவளை அழைத்துவரச்சொன்னான்" என்று மரியாதையாக இருக்கிறது, ஏதோ விருந்துக்கு அழைத்த மாதிரி. எபிரெயத்தில் அந்த இடத்தில் உள்ள வினை "எடுத்தான்". 1 சாமுவேல் 8-ல் ராஜா வேண்டும் என்று ஜனங்கள் கேட்டபோது சாமுவேல் எச்சரித்தாரே, உங்கள் குமாரரை எடுப்பான், குமாரத்திகளை எடுப்பான், வயல்களை எடுப்பான் என்று, அதே வினை. நாத்தானின் கதையிலும் ஐசுவரியவான் ஏழையின் ஆட்டுக்குட்டியை எடுக்கிறான். நாத்தான் நேருக்கு நேர் குற்றம் சாட்டும்போது, அங்கே தமிழிலும் மழுப்பவில்லை: "அவன் மனைவியை உனக்கு மனைவியாக எடுத்துக்கொண்டு."

அன்று வீடு வரும்வரை வண்டியின் பின்சீட்டில் மனைவி வாய் திறக்கவில்லை. வாசலில் இறங்கினதும் கேட்டாள்: "ராஜா ஆள் அனுப்பினா நீங்க போவாம இருந்திருப்பீயளோ?"

ஜூலை 14
மேலே ஒருவர், "அப்படியானால் பத்சேபாள் மேல் தவறே இல்லையா" என்று வாதம் பண்ணுகிறார். நாத்தானின் கதையைப் பாருங்கள். அதில் அவள் ஆட்டுக்குட்டி. ஆட்டுக்குட்டி மேல் யாராவது வழக்குப் போடுவார்களா? இதற்கு மேல் நான் சண்டை போடவில்லை.

ஜூலை 16
இது கிளைக்கதை, விருப்பம் இல்லாதவர்கள் தாண்டிவிடுங்கள். பத்சேபாளின் தகப்பன் எலியாம் (2 சாமுவேல் 11:3). தாவீதின் பராக்கிரமசாலிகள் பட்டியலில் (23:34) அகித்தோப்பேலின் மகன் எலியாம் என்று ஒருவன் வருகிறான். இரண்டு பேரும் ஒருவரே என்றால், தாவீதின் பெரிய ஆலோசகனான அகித்தோப்பேல் பத்சேபாளுக்குத் தாத்தா. தகப்பனுக்கு எதிராகக் கிளம்பிய மகன் அப்சலோம் பக்கம் அவன் ஏன் சாய்ந்தான், எருசலேமைப் பிடித்தவுடன் ஏன் அப்படி ஒரு ஆலோசனை சொன்னான் (தகப்பனின் மறுமனையாட்டிகளிடம் போ, எல்லாரும் கேள்விப்படட்டும் என்றான்; அதன்படி எல்லாரும் பார்க்க உப்பரிகையில் கூடாரம் போட்டார்கள்) என்பதெல்லாம் அப்போது வேறு வெளிச்சத்தில் தெரியும். அதே உப்பரிகை. வேதம் இந்த முடிச்சைத் தன் வாயால் போடவில்லை, வாசிக்கிறவர்கள் போடுவது.

அதே பட்டியலின் கடைசிப் பேர் யார் தெரியுமா? ஏத்தியனான உரியா. ஆக முப்பத்தேழு பேர் என்று கணக்கு முடிகிறது.

ஜூலை 20, ஞாயிறு
51-ஆம் சங்கீதம். பத்சேபாள் விஷயத்தில் நாத்தான் வந்து கேட்டபோது தாவீது பாடியது என்று தலைப்புச் சொல்கிறது. சாம்பல் புதனன்று முழங்காலில் நின்று சொல்வோம். அப்பா அதை மனப்பாடமாகச் சொல்வார், "உமது கிருபையின்படி எனக்கு இரங்கும்" என்ற இடத்தில் குரல் உடைந்துவிடும். அதனால் வகுப்பில் அண்ணாச்சி மேஜையைத் தட்டியபோது எனக்குக் கோபம் வந்தது. அவர் தட்டியது நாலாம் வசனத்துக்கு: "தேவரீர் ஒருவருக்கே விரோதமாக நான் பாவஞ்செய்து."

"ஒருவருக்கே-ன்னா என்ன வே அர்த்தம்? செத்தவன் யாரு? அவன் கூட இன்னும் சில சேவகரும் செத்தானுவளே, சாமுவேல் 11-ல 17-ஆம் வசனத்துல இருக்கு. அவனுக்கெல்லாம் கணக்கு கிடையாதா?"

அவர் படையில் ஆள் பறிகொடுத்தவர். யாரும் பதில் சொல்லவில்லை. டீச்சரம்மா மட்டும், சங்கீதத்தின் மேலே உள்ள தலைப்பு பின்னால் சேர்த்ததாக இருக்கலாம் என்று பலர் கருதுவதைச் சொன்னார். கடைசியில் "எருசலேமின் மதில்களைக் கட்டுவீராக" என்று வருகிறதே, மதில் இடிந்த காலத்து ஜெபம் மாதிரி. அண்ணாச்சிக்கு அது போதவில்லை. எனக்கும் இப்போது போதவில்லை. அப்பாவின் குரலும் வேண்டும், அண்ணாச்சியின் தட்டலும் வேண்டும் என்ற இடத்தில் நிற்கிறேன்.

ஜூலை 21
யூத ரபிகள் என்ன சொல்கிறார்கள் என்ற கேள்விக்கு: தல்மூது என்ற அவர்களுடைய பழைய சட்ட விளக்க நூலில், தாவீது பாவம் செய்தான் என்று சொல்கிறவன் தவறுகிறான் என்றே ஒரு ரபி சொல்லியிருக்கிறார். தாவீதின் சேனையில் யுத்தத்துக்குப் போகிறவர்கள் மனைவிக்கு விவாகரத்துச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார்களாம், ஆகவே சட்டப்படி அவள் அன்னியன் மனைவி இல்லையாம். இதைச் சொன்னதும் அண்ணாச்சி, "அப்பவே நல்ல வக்கீல் வச்சிருக்கான்" என்றார். அந்த ரபிகளிலேயே இதை ஒப்புக்கொள்ளாதவர்களும் உண்டு.

தாவீது நிஜமாக இருந்தானா என்று கேட்டவருக்கு ஒரு வரி: 1993-ல் வடக்கு இஸ்ரவேலில் தேல் தாண் என்ற இடத்தில் கிடைத்த அராமியக் கல்வெட்டில் "தாவீதின் வீடு" என்று இருப்பதாகப் பெரும்பாலோர் வாசிக்கிறார்கள். கி.மு. 9-ஆம் நூற்றாண்டு. ராஜவம்சத்துக்கு அதுதான் பேர் என்று தெரிகிறது. மாடி பற்றிக் கல்வெட்டில் ஒன்றும் இல்லை.

ஜூலை 27, ஞாயிறு
ஏழு வாரத்தில் இடம் கிடைத்தால், தாவீதின் மகன் அம்னோன் கெடுத்த தங்கை தாமாரையும், கொல்லப்பட்ட தன் பிள்ளைகளின் உடலைக் காவல் காத்த ரிஸ்பாளையும் விடாதீர்கள். அம்னோன் செய்ததைக் கேட்டுத் தாவீது வெகு கோபம் கொண்டான் என்பதோடு வசனம் நின்றுவிடுகிறது. கோபப்பட்டான், அவ்வளவுதான். கிரேக்க மொழிபெயர்ப்போ, தலைப்பிள்ளை என்பதால் அவன் மனதை நோகடிக்கவில்லை என்று கூட்டிச் சொல்கிறது. நர்சம்மா அன்று நிறையப் பேசினார். ஆஸ்பத்திரியில் பார்த்ததை எல்லாம் இங்கே எழுத முடியாது.

மோவாபையும் பாருங்கள், 2 சாமுவேல் 8:2. தோற்றவர்களைத் தரையில் படுக்க வைத்து நூல் பிடித்து அளந்து, இரண்டு பங்கைக் கொன்று ஒரு பங்கை உயிரோடு வைத்தான். அவனுடைய தாத்தாவைப் பெற்ற ரூத் மோவாபியப் பெண். சவுலுக்குப் பயந்து ஓடிய நாளில் தன் தாய் தகப்பனைப் பத்திரமாக விட்டுவைத்ததும் மோவாப் ராஜாவிடம்தான்.

ஆகஸ்ட் 2
ஜூலை 9-ல் "பின்னால் எழுத வேண்டும்" என்று ஒன்றை விட்டிருந்தேன். இரண்டு பேர் ஞாபகப்படுத்திவிட்டார்கள்.

நான் உரியா இல்லை.

எங்கள் ஊரில் பெரிய வீடு ஒன்று. அவர் ஒருநாள் என்னைத் திண்ணையில் உட்கார வைத்து மோர் கொடுத்துச் சொன்னார்: "எம் மவ பேருக்கு வார கடுதாசி எல்லாம் எங் கையில குடுத்துரும்." அவ்வளவுதான். மிரட்டல் கிடையாது, காசு கிடையாது. சாதாரணத் தபாலை வீட்டில் யார் கையில் கொடுத்தாலும் பட்டுவாடாதான் என்று எனக்கு நானே சட்டம் பேசிக்கொண்டேன். ஏழெட்டு மாதம். ஒரே கையெழுத்தில், நீல இன்லேண்டு கவர், வாரம் ஒன்று. அந்தப் பிள்ளை சில நாள் சைக்கிள் மணி கேட்டு வாசலுக்கு வந்து, "எனக்கு ஒண்ணும் இல்லியா அண்ணே?" என்று கேட்கும். இல்லம்மா என்பேன். பிறகு கடிதம் வருவது நின்றது. பிறகு அந்தப் பிள்ளைக்கு வேறு இடத்தில் கல்யாணம்.

வகுப்பில் 11-ஆம் அதிகாரத்தை மூன்றாவது தடவை வாசித்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. உரியா வீட்டுக்குப் போகாமல் அரண்மனை வாசலில் சேவகரோடு படுத்துக்கொள்கிறான். இரண்டு ராத்திரியாவது. அந்தச் சேவகர் கூட்டத்தில்தானே தாவீது அனுப்பிய ஆளும் இருந்திருப்பான்? அந்தப் பெண்ணை வீட்டிலிருந்து கூட்டிவந்தவன்? அவன் பக்கத்தில்தான் உரியா பாய் போட்டிருப்பான். ஒருத்தன் வாய் திறக்கவில்லை. வேதத்தில் இப்படி எழுதவில்லை, நானாக நினைப்பதுதான். ஆனால் ஒரு விஷயத்தில் அவன் என்னை விட மேல். பெண் யார் என்று விசாரிக்கப் போய்த் திரும்பியவன், "உரியாவின் மனைவி" என்று சொல்லித்தான் ராஜாவிடம் நின்றான். இன்னொருவன் பெண்டாட்டி என்பதை எஜமான் காதில் போட்டுவைத்தான். நான் மோர் குடித்துவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 3
வகுப்பில் சொன்னீர்களா என்று கேட்கிறீர்கள். இல்லை. மனைவியிடம் நேற்று இதை எழுதிய பிறகு சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "ஊருக்கே தெரியும். நீங்க சொல்லுவியளான்னுதான் பாத்தேன்" என்றாள்.

அந்தப் பெண்ணைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்கச் சொல்லி ஒருவர் எழுதியிருக்கிறார். அவளுக்கு இப்போது பேரப்பிள்ளைகள். என் பாரம் இறங்க அவள் நிம்மதியைக் கெடுக்கலாமா என்று தெரியவில்லை. மறுபக்கம், "ஒருவருக்கே விரோதமாக" என்று நானும் ஜெபத்தோடு முடித்துக்கொள்கிறேனோ என்றும் இருக்கிறது. அண்ணாச்சி இந்தப் பக்கம் படிப்பதில்லை, நல்லவேளை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு
கேள்வி கேட்டவர் வகுப்பை முடித்துவிட்டு எழுதியிருப்பது சந்தோஷம். கோடு போடச் சொன்னதில் ஒருவர் எண்ணிக்கை மற்றவருக்கு ஒத்துவரவில்லை என்கிறீர்கள். எங்களுக்கும் அப்படித்தான். "சொல்லி அனுப்பினாள்" என்பதைச் சேர்ப்பதா என்று கால் மணி நேரம் போயிற்று.

கடைசி வாரம் 1 இராஜாக்கள் 2-ஐ எடுத்தீர்களா? சாகக் கிடக்கும் தாவீது சாலொமோனை அழைத்து, யோவாபின் நரைமயிரைச் சமாதானமாய்ப் பாதாளத்தில் இறங்கவிடாதே என்கிறான். தன்னைத் தூஷித்த சீமேயியைக் கொல்லுவதில்லை என்று தான் ஆணையிட்டதைச் சொல்லிவிட்டு, அவனையும் விட்டுவிடாதே என்கிறான். தான் கொடுத்த வாக்கைத் தான் மீறாமல், மகன் கையால். கடைசி மூச்சு வரைக்கும் ஆள் அனுப்புகிறவன்தான். எங்கள் வகுப்பில் அந்த வாரம் மின்சாரம் போய்விட்டது. வியர்த்து விறுவிறுத்து, பாதியில் எழுந்துபோய் வடை தின்றோம்.

சாலொமோனை எடுக்கலாமா என்று ஐயர் கேட்டிருக்கிறாராம். டீச்சரம்மா, எழுநூறு மனையாட்டிகளுக்கும் சேர்த்து எத்தனை வாரம் வேண்டும் என்று கேட்டு அனுப்பியிருக்கிறார்.